பத்து ஏக்கருக்கு நடுவில் ஒரு வரம்பு

நகரத்தின் ஓரத்தில், கிரெய்கிபர்னில் புதுவீடு வாங்கிய எங்கள் ஆட்கள் கோயில் மண்டபத்தில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிலம் வெடிக்கிறது, சுவர் பிளக்கிறது, மழை பெய்தால் பின்வளவில் தண்ணீர் நிற்கிறது என்று முறையிடும்போது நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கதைக்க வரும். அவர்கள் பிறக்க முன்னரே எங்கள் குடும்பம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டித் தோற்றுவிட்டது. அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் தகப்பன்மார் எவ்வளவு படித்தவர்கள் என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் பிள்ளைகளை வளர்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வளர்த்தேன். ட்ரக்டர் கதையை மட்டும் சொல்லவில்லை.

எழுபதுகளின் பின்பாதி. எனக்குப் பதினொரு வயது. நகரத்துக்குள், பிரன்ஸ்விக்கில் ஒரு மாடி பிளாட்டில் இருந்தோம். அதன் குசினியில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். யன்னல் கிடையாது. வந்த புதிதில் ஒருநாள் அம்மா கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தார். புகை படிக்கட்டால் இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், எல்லோரும் இருமிக்கொண்டு தெருவுக்கு வந்து, கடைசியில் தீயணைக்கும் வண்டியும் வந்தது. தொப்பி போட்ட ஆள் தாச்சிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணால் நீர் வடிய, “இதையா சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார். அன்றிலிருந்து அம்மா தூள் வறுக்கவில்லை. கடையில் விற்ற மஞ்சள் தூளைப் போட்டுக் கறி வைத்தார். நான்கு வருடம் அதைச் சாப்பிட்டோம். அது கறி இல்லை, தண்டனை.

அம்மா மாளிகை கேட்கவில்லை. யன்னலோடு ஒரு குசினி, அதில் யாருக்கும் பயப்படாமல் மிளகாய் வறுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்பாவும் மாமாவும் வைத்துக்கொள்ளவில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தமையன். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். அப்பா பாலம் கட்டும் எஞ்சினியர். இரண்டு பேரும் சேர்ந்து கிரெய்கிபர்னுக்கு அப்பால் பத்து ஏக்கர் வாங்கினார்கள். அப்போது அங்கே செம்மறி ஆடும் முட்பூண்டும் காற்றும்தான். நகரத்தில் இடிக்க இருந்த ஒரு பழைய பலகை வீட்டையும் அப்பா பேசி எடுத்தார். இந்த நாட்டில் வீட்டையே குறுக்காக அறுத்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். குசினி இருக்கும் பாதி, இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வரும், மற்றப் பாதி அடுத்த கிழமை வரும் என்று ஒழுங்கு. லொறிக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். நிலம் மட்டமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். லொறி புதையும் என்று கண்டால் திரும்பிப் போய்விடுவார், வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

பங்குனி மாதமே நிலத்தை மட்டப்படுத்தவென்று ஒரு பழைய ட்ரக்டர் வாங்கினார்கள். சாம்பல் நிறம், சின்னது, கழுதையை விடக் கொஞ்சம் பெரிது. இருக்கை ஒரு இரும்புத் தட்டு. அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டும் அப்பா ஞாயிறு இரவுகளில் குப்புறத்தான் படுத்தார். பின்னால் மண் அள்ளும் இரும்புப் பெட்டி ஒன்று தொங்கியது, வாய் அகன்ற சுளகு மாதிரி. அதை நிலத்தில் இழுத்தால் மண் நிறையும். பிறகு தூக்கிக்கொண்டு போய், கட்டியிருக்கும் கயிற்றை ஒருவர் இழுத்தால் பெட்டி கவிழ்ந்து மண் கொட்டும். ஓட்டுவது அப்பா. கயிறு பிடிப்பது மாமா. ஆஸ்பத்திரியில் ஊசியை மயிரிழை தப்பாமல் ஏற்றுகிற மனிதர், கயிற்றை ஒருநாளும் சரியான இடத்தில் இழுத்ததில்லை.

முதல் நாள் அவர்கள் செய்த வேலை என்ன என்று நினைக்கிறீர்கள்? வீட்டு நிலத்தை மட்டப்படுத்தினார்கள் என்றா? இல்லை. காணியை இரண்டாகப் பிரித்தார்கள்.

காகிதத்தில் அது ஒரே காணி. பிரிக்கக் கவுன்சில் விடாது. இரண்டு பேருடைய பெயரும் ஒரே காணி உறுதிப் பத்திரத்தில் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு எல்லை இல்லாத காணி என்றால் உப்பில்லாத கஞ்சி. அடுத்த வீட்டுக்காரன் வேலியை அரை அடி தள்ளிப் போட்டுவிட்டான் என்று மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போன குடும்பங்களில் வந்தவர்கள் இருவரும்.

“மச்சான், பிறகு ஒரு சொல்லு வரக்கூடாது. இப்பவே வரம்பைக் கட்டிப்போட்டா எல்லாருக்கும் நிம்மதி,” என்றார் மாமா.

“ஓம், அதுதான் புத்தி. வெள்ளம் வருமுன் அணை போடவேணும்,” என்றார் அப்பா. இந்தப் பழமொழியை அவர் எந்த முகூர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது.

தெருப்படலையிலிருந்து நேரே பின்வேலி வரைக்கும் கயிறு கட்டினார்கள். அம்மாவின் உடுப்புக் காயப்போடும் நைலோன் கொடியைத்தான் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவேயில்லை. மேட்டுப் பக்கம் யாருக்கு, பள்ளப் பக்கம் யாருக்கு என்று அரை மணித்தியாலம் மரியாதையாக இழுபட்டார்கள். “நீர் எடும்.” “இல்லை, நீர் எடும்.” கடைசியில் அப்பா மேட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளம் மேட்டில் நிற்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமைப்பட்டார். “உன்ர அண்ணை டொக்டர்தானே, உதெல்லாம் யோசிக்கமாட்டார்.”

பிறகு அந்தக் கயிற்றின் வழியே மண் கொட்டி வரம்பு கட்டப் பத்துச் சனி, பத்து ஞாயிறு. மாமாவின் பக்கத்தில் ஒரு பெட்டி மண், அப்பாவின் பக்கத்தில் ஒரு பெட்டி மண் என்று மாறி மாறி அள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பா தவறிப்போய் ஒரே பக்கத்தில் இரண்டு தரம் அள்ளினால் மாமா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிடுவார். மாமி காரைவிட்டு இறங்கமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். எங்களில் அறிவுள்ளவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தெரிகிறது. அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணியும் சோற்றுப் பெட்டியும் வைத்துக்கொண்டு கல்லில் இருந்து, “வீட்டு நிலத்தை எப்ப துவங்கப் போறியள்?” என்று கேட்டபடியே இருப்பார். “இதை முடிச்சிட்டுத் துவங்குவம்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ந்தால் இரும்பு, நனைந்தால் பசை. அதற்குள் ஆட்டுக்குட்டி அளவில் கருங்கற்கள் ஒளிந்து கிடக்கும். இரும்பு அலவாங்கால் குத்தினால் கைதான் அதிரும். ஒருநாள் இரும்புப் பெட்டி அப்படி ஒரு கல்லில் கொழுவிக்கொண்டது. அப்பா விடவில்லை, இன்னும் வேகம் கொடுத்தார். ட்ரக்டரின் முன்சில்லுகள் இரண்டும் மெல்ல எழும்பின. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா, “கிளச்! கிளச்!” என்று கத்தினார். அம்மா எழும்பினார், சோற்றுப் பெட்டி கொட்டுண்டது. ஒரு கணம்தான். பிறகு முன்சில்லுகள் தொம்மென்று விழுந்தன. அப்பாவின் மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்துவிட்டது. அவர் திரும்பி மாமாவிடம் சொன்ன முதல் வார்த்தை: “நீர் கயித்தை நேரத்துக்கு இழுத்திருந்தா இது நடந்திராது.”

இன்னும் ஓர் அங்குலம் எழும்பியிருந்தால் ட்ரக்டர் அப்பாவின் மேலேயே கவிழ்ந்திருக்கும்.  அவர்களுக்கு அது ஒரு கயிற்றுப் பிரச்சினை.

பக்கத்துக் காணியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஆடு வளர்த்தார். வேலியில் சாய்ந்து நின்று எங்களைப் பார்ப்பதுதான் அவருடைய வார இறுதிப் பொழுதுபோக்கு. தன்னிடம் ஒரு புல்டோசர் இருக்கிறது, ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் மட்டப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டே தான் ஒரு சிவில் எஞ்சினியர் என்று சொன்னார். கிழவர் வரம்பைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். “அப்படியானால் மழைத் தண்ணீர் எங்கே போகும், நண்பா?” என்று கேட்டார்.

அப்பா எங்களிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: “எங்கட ஊரில எத்தினை வரம்பு. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு மணித்தியாலத்தில வத்திப்போம். இந்தாளுக்கு என்ன தெரியும்?”

ஊரில் வற்றும்தான். ஊரில் செம்மண், கீழே ஓட்டைக் கல்லு. தண்ணீர் விழுந்தவுடன் உள்ளே போய்விடும். இங்கே இருப்பது களிமண், சட்டி செய்யலாம். சட்டிக்குள் ஊற்றிய தண்ணீர் வற்றுமா? பாலம் பாலமாகக் கட்டிய மனிதருக்கு இது தெரியவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

வரம்பு உயரவும் இல்லை. சின்ன ட்ரக்டர், சின்னப் பெட்டி. கொட்டிய மண்ணின் மேலேயே ஏறி ஏறிப் போனதில் அது நசிந்து அகன்றுகொண்டே போனது. முழங்கால் உயரம், ஆனால் அகலமோ ஒரு தெருவளவு. முதல் தூறல் விழுந்த நாள் நான் புதிதாகக் கொட்டிய மண்ணில் காலை வைத்தேன். கால் வந்தது, ரப்பர்க் கம்பூட்ஸ் வரவில்லை. “அப்பா, நில்லுங்கோ!” என்று கத்தினேன். ட்ரக்டர் சத்தத்தில் கேட்கவில்லை, அடுத்த பெட்டி அதன் மேலேயே விழுந்தது. சிவப்பு நிறம், இடது கால். ஒற்றைக் கம்பூட்ஸோடு அந்தக் குளிர்காலம் முழுக்க நொண்டினேன். தோண்டித் தரலாமா என்று கேட்டதற்கு, “இறுகின மண்ணைக் கிளறக்கூடாது” என்றார் அப்பா.

வரம்பு முடிந்த கிழமையே மழை தொடங்கியது. ஒரு நாள் இல்லை, மூன்று கிழமை. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் எல்லாம் வரம்பில் முட்டி, மண் அள்ளிய பள்ளத்தில் நிறைந்து, அப்பாவின் பக்கம் குளமாகிவிட்டது. சரியாக எங்கள் வீடு வர வேண்டிய இடம். எங்கிருந்தோ வாத்துகள் வந்து நீந்தின. மாமாவின் பள்ளப் பக்கத்தில் விழுந்த மழை சரிவால் ஓடிப்போய், நிலம் காய்ந்து அழகாக இருந்தது.

“வரம்பில ஒரு வாய் வெட்டி விட்டா எல்லாம் ஓடிப்போம், மச்சான்,” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாமா குடையைப் பிடித்துக்கொண்டு, “எங்க ஓடிப்போம்? என்ர காணிக்குள்ளதானே?” என்றார்.

“பிறகு எங்க ஓடுறது? தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும்.”

“உம்மட வெள்ளத்தை என்ர வளவுக்குள்ள விட நான் சம்மதியன். மேட்டுப் பக்கத்தை நீர்தானே எடுத்தனீர்?”

ஐயா, இது யாழ்ப்பாணத்துச் சண்டை. ஒழுங்கையில் வெள்ள வாய்க்காலுக்காக வெட்டுக்குத்து நடந்த ஊர்ச் சண்டை. ஐயாயிரம் மைலோ எவ்வளவோ கடல் கடந்து, சட்டையும் தலைக்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து இந்த ஆட்டுக் காணிக்குள் நிற்கிறது. இரண்டு கிழமை அப்பாவும் மாமாவும் கதைக்கவில்லை. டெலிபோனில் அம்மாதான் இருவருக்கும் நடுவில் நின்று அலைக்கழிந்தார். “அண்ணை, குசினி வருகுது அண்ணை. நிலம் காயாட்டி அவன் கொண்டு போயிடுவான்,” என்று கெஞ்சினார். “அதை உன்ர மனிசனிட்டைக் கேள், தங்கச்சி,” என்று மாமா வைத்துவிட்டார். அம்மா ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நெடுநேரம் நின்றார். எனக்கு அன்று அப்பாவையும் பிடிக்கவில்லை, மாமாவையும் பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. லொறியின் மேல் பாதி வீடு தெருவால் வந்துகொண்டிருந்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். அறுத்த பக்கத்தில் படங்கு கட்டியிருந்தது. காற்றில் அது விலகியபோது உள்ளே பச்சை நிறக் குசினி அலுமாரிகள் தெரிந்தன. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். யன்னலும் இருந்தது, பெரிய யன்னல்.

லொறிக்காரர் இறங்கி வந்து வாத்துகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பள்ளப் பக்கத்தைக் காட்டி, “அங்கே காய்ந்திருக்கிறது. அங்கே இறக்கலாம். இல்லையென்றால் திருப்பிக் கொண்டு போகிறேன்,” என்றார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

“தாராளமா இறக்கட்டும்,” என்றார் மாமா. அம்மாவின் முகம் மலர்ந்தது. மாமா கோட்டுப் பைக்குள் கையை விட்டார். “ஆனா மச்சான், ஒரு சின்னக் கடிதம். என்ர பக்கத்தில உங்கட வீடு நிக்கிறதால உங்களுக்கு உரித்து ஒண்டும் வராது எண்டு. பிறகு ஒரு சொல்லு வரக்கூடாது, அதுக்குத்தான். ஒரு கையெழுத்து வைச்சா முடிஞ்சுது.”

அது டைப் அடித்த கடிதம். அழகாக மடித்து, பேனாவும் கொண்டுவந்திருந்தார். அதாவது இப்படித்தான் நடக்கும் என்று அவருக்கு முன்னமே தெரியும். ஆஸ்பத்திரியில் யாரையோ பிடித்து டைப் அடிப்பிக்க நேரம் இருந்திருக்கிறது, வரம்பில் ஒரு வாய் வெட்ட மட்டும் நேரம் இருக்கவில்லை. அப்பா முகம் கறுத்து, “கையெழுத்தோ? நான் வைக்கமாட்டன்!” என்றார். லொறிக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அம்மா கடிதத்தை ஒரு தரம் பார்த்தார்.  அவருக்கு நெஞ்சு வெடித்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பின்மேல் ஏறியது மட்டும்தான் தெரிந்தது. பத்தடி நடந்து போய், காலால் ஓங்கி ஒரு உதை உதைத்துவிட்டு, லொறிக்காரரைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “ஹியர். புட் ஹியர்.”

“விசரே உனக்கு?” என்றார் அப்பா. “அது எல்லையெல்லோ!” என்றார் மாமா.

“ஓம், எல்லைதான். உங்கட காணியுமில்லை, அண்ணையின்ர காணியுமில்லை. அப்ப எனக்கு.”

வேலியில் சாய்ந்திருந்த கிழவர் அதற்குள் தாண்டி வந்துவிட்டார். வரம்பில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். தன் கல் ஏற்றிய ட்ரக்கை எடுத்து வந்து வரம்பின் நுனிவரை போய்த் திரும்பிக் காட்டினார். சில்லுத் தடம்கூட ஆழமாய்ப் பதியவில்லை. பத்து வார இறுதிகள் ட்ரக்டர் மேலும் கீழும் ஓடி மிதித்த மண், தெருவளவு அகலம், படலையிலிருந்து நேர்கோடு. அப்பாவின் பக்கம் குளமாய்க் கிடக்க அது மட்டும் இறுகி உயர்ந்து நின்றது. வீட்டைத் தாங்கும் கால் மரங்களை மட்டும் ஆழமாய் இறக்கி நட்டால் போதும் என்றார் கிழவர். லொறி பின்பக்கமாக வரம்பில் ஏறியது. மத்தியானத்துக்குள் பாதி வீடு மரக்குற்றிகளின் மேல் நின்றது. அடுத்த கிழமை மற்றப் பாதியும் வந்து, இரண்டு பெட்டி கோத்த ரயில் மாதிரி நீளமாக அந்த வரம்பிலேயே நாங்கள் பதினாறு வருடம் இருந்தோம். என் கம்பூட்ஸும் அதற்குக் கீழேதான் இருந்தது.

முழுதும் பொருத்தி முடியும்வரை உள்ளே போக வேண்டாம் என்று லொறிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய லொறி தெருவில் திரும்பும் முன்னமே அம்மா காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பால் காய்ச்சிப் பொங்கவிட்டார். அப்பாவின் பக்கம் கதவு, மாமாவின் பக்கம் யன்னல். பால் இறங்கியதும் காரிலிருந்து ஒரு பை எடுத்துவரச் சொன்னார். பையில் செத்தல் மிளகாய், மல்லி, கறிவேப்பிலை. எத்தனை நாள் அதைக் கட்டி வைத்திருந்தாரோ. தாச்சியை வைத்து வறுக்கத் தொடங்கினார்.

நான் இருமினேன். அப்பா இருமினார். காற்று யன்னல் பக்கமாக இழுத்தது. மாமா தன்னுடைய காய்ந்த நிலத்தில் தனியாக, கடிதத்தைக் கையில் வைத்தபடி நின்றார். புகை நேரே அவருடைய முகத்தில் அடித்தது.

“தங்கச்சி, புகை இஞ்சால வருகுது!” என்றார் இருமிக்கொண்டே.

அம்மா அகப்பையோடு யன்னலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. அது மிளகாயாலா என்று நான் அப்போது கேட்கவில்லை.

“அதுக்கும் ஒரு கடிதம் தரட்டோ, அண்ணை?”

மாமா கடிதத்தை மடித்துக் கையில் பிடித்தார். வரம்பின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கி, முழங்கால் தண்ணீருக்குள், ஆஸ்பத்திரிக்குப் போடும் சப்பாத்தோடு நடந்து கதவடிக்கு வந்தார். படி கட்டியிருக்கவில்லை. அப்பா கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். உள்ளே வந்ததும், “பாத்தீரே மச்சான், வரம்பு கட்டினது எவ்வளவு பிரயோசனமாப் போச்சு,” என்றார் அப்பா. என் தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது என்று தெரியவில்லை.

அம்மா இருவரையும் பார்க்கவில்லை. வறுத்த மிளகாயை ஆறப்போட ஏதாவது கிடைக்குமா என்று அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தார். எல்லாம் வெறுமை.

மாமா தன் கையைப் பார்த்தார். மடித்த கடிதத்தை விரித்து அம்மாவிடம் நீட்டினார்.

“தங்கச்சி, கொட்டுறதுக்கு இந்தா, பேப்பர்.”

அம்மா அதை வாங்கி, டைப் அடித்த பக்கம் மிளகாயில் படாமல் கீழே திருப்பிவிட்டு, மேலே தாச்சியைக் கவிழ்த்தார்.